டிரம்முக்குப் பெயிண்ட் அடிக்கும் புத்திசாலிகள்

பழைய அம்பாசடர், பத்மினி கார்களைத் தேடிப்பிடித்து ஓட வைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சக்கரத்தைக் கழற்றி, துருவேறிய பிரேக் டிரம்மையும் அதன் பின்னாலுள்ள பேக் பிளேட்டையும் பார்த்துவிட்டால் போதும், கை தானாகத் துருத்தடுப்புப் பெயிண்ட் டப்பாவுக்குப் போய்விடுகிறது. துருவை அடக்கிவிட்டால் பிரேக் பிழைத்துவிடும் என்று பட்டறைக்குப் பட்டறை நம்புகிறார்கள். சொத்தைப் பல்லுக்கு லிப்ஸ்டிக் பூசுகிற கதைதான்.

டிரம்மின் உள்வட்டத்தில் ஒரு மழை இரவில் படரும் செந்துரு, மறுநாள் நாலு தடவை பிரேக் மிதித்தால் லைனிங் உரசியே போய்விடும். வெளிப்பக்கத் துரு பெரும்பாலும் கண்ணுக்குத்தான் உறுத்தல். அத்தனை கனமான வார்ப்பிரும்பை அது லேசில் தின்றுவிடாது. ஆளைக் கவிழ்க்கிற துரு இருப்பது வீல் சிலிண்டருக்குள், பிரேக் பைப்பின் உட்சுவரில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத டாட் 3 ஆயில், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அதே ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் குழி பறிக்கிறது. ரப்பர் கப் அந்தக் குழிகளில் உரசித் தேய்ந்து, ஆயில் ஒழுகுகிறது. வெளியே எத்தனை கோட் அடித்தாலும் அந்தத் துருவை எட்டாது.

பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் என்ன என்பார்கள். பேக் பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள். லைனிங்கைத் தாங்கும் பிரேக் ஷூவின் ஓரம் உட்கார்ந்து நகர்வதற்கென்றே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அங்கே வேண்டியது சுத்தமான இரும்பும் சூடு தாங்கும் கிரீஸில் ஒரு துளியும். தடிமனாகப் பெயிண்ட் ஏற்றினால் ஷூ சிக்கும், பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். டிரம் ஹப்போடு பொருந்தும் முகத்தில் அடித்தால் டிரம் நேராக உட்காராது. மிதிக்கிறபோது பெடல் காலை உதைக்கும். வீல் பொருந்தும் முகத்தில் அடித்தால் பெயிண்ட் நசுங்க நசுங்க வீல் நட் தளரும். உள்வட்டத்திலேயே அடிக்கிற மகான்களும் உண்டு. அவர்கள் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்காமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.

விலை கூடின ரகம் வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் வீண் ஆசை. துருவின் மேலேயே அடிக்கலாம் என்று விற்கும் அந்தப் பெயிண்டுகள் சொரசொரப்பில்தான் நன்றாகப் பிடிக்கும். லேத்தில் கடைந்த வழவழப்பான முகத்தில் பிடிப்பில்லாமல் பாளம் பாளமாக உரியும். பெயிண்ட் அடிக்குமுன் கம்பி பிரஷ் போட்டுக் காய்ந்த தூசியைப் பறக்கவிடுகிறார்களே, அது இன்னொரு வினை: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

டிரம்மின் வெளிப்புறத்துக்கும் பேக் பிளேட்டின் பின்பக்கத்துக்கும், பொருந்துமிடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள், தடையில்லை. ஆனால் முதலில் டிரம்மில் வெடிப்பு இருக்கிறதா, உள்விட்டம் அளவுக்கு மேல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பளபளக்கும் கறுப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு தெரியாது. விற்பவருக்கு அது வசதி, வாங்குபவருக்கு ஆபத்து. அடுத்த முறை பில்லில் 'பிரேக் வேலை' என்று எழுதியிருந்தால், கழற்றிய பழைய ரப்பர் கப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.