இது கண்ணூறல்ல



சில மாதங்களுக்கு முன் ஸுபஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, வாசலில் ஒரு தாய் மகனுடன் நின்றிருந்தார். என்னிடம் ஓதிய பிள்ளைதான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வெல்டிங் பட்டறை ஒன்றில் வேலை பழகுகிறான். இரு கண்களும் சிவந்து, வீங்கி, நீர் வடிந்துகொண்டிருந்தன.

“ராவு படுக்கும்போது நல்லாத்தான் இருந்தான், ஹஸரத். நடுச்சாமத்தில கண்ணுக்குள்ள மணலக் கொட்டின மாதிரி எரியிது என்டு எழும்பிட்டான். கண்ணூறாத்தான் இருக்கும். கொஞ்சம் ஓதிப் பாருங்க” என்றார்.

நேற்று என்ன வேலை செய்தாய் என்று மகனிடம் கேட்டேன். பாஸ் இரும்புக் கேட் ஒன்றை ஒட்டும்போது இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றானாம். முகமூடி பாஸிடம் மட்டும் இருந்ததாம்.

துஆச் செய்தேன். பிறகு, “ராத்தா, இது கண்ணூறல்ல. வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்” என்று அனுப்பி வைத்தேன்.

வெல்டிங் செய்யும்போது நமக்குத் தெரிவது கண் கூசும் வெள்ளை ஒளி. அதனுடன் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் வருகிறது. அது கருவிழியின் மேற்பரப்பைச் சுடும். சுடும் நேரத்தில் நோவு தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணித்தியாலம் கழித்தே தொடங்கும். பகல் செய்த வேலைக்கு நடுச்சாமத்தில் வேதனை வருவது இதனால்தான். அநேகமாக ஓரிரு நாளில் சுகமாகிவிடும். ஆனால் கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பாலோ, தேயிலைச் சாறோ, முன்பு யாருக்கோ கொடுத்த மருந்தோ ஊற்றக் கூடாது. சுத்தமான ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது. வெல்டிங்குக்கென்றே உள்ள முகமூடி வேண்டும். அதுவும் ஒட்டுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் வேண்டும். உங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி ஒட்ட ஆள் வந்தால், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைக்கு உடுப்பு எடுத்து வைப்பவரும் நீங்கள்தானே! நீண்ட கையுள்ள பருத்தி உடுப்பையே கொடுங்கள். நைலோன், பொலியெஸ்டர் துணி தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிவிடும். பழைய பெற்றோல், டீசல் பெரலை வெட்டித் தரும்படி ஒருபோதும் கேட்காதீர்கள். வெறும் பெரலில் எண்ணெய் இராது, அதன் ஆவி இருக்கும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்து ஜெனரேட்டர். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட காலத்தில் பல வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது. மழைக்கும் களவுக்கும் பயந்து அதைக் குசினிக்குள்ளும் விறாந்தையிலும் வைப்போர் உண்டு. அதன் புகையில் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நமது இரத்தம் ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவர் எழும்பாமலே மௌத்தாகிவிடக் கூடும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். ஜெனரேட்டர் வெளியில், கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின்பே எண்ணெய் ஊற்ற வேண்டும். அது ஓடும்போது வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராகத் தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்றால், சாப்பாட்டில் பழி போடாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே எடுங்கள். பிறகு 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியுலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பிள்ளை சுகமாகிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உம்மா உடனே வேலைக்கு விடவில்லை. பட்டறைக்குப் போய் பாஸிடம் பேசி, மகனுக்கென்று ஒரு முகமூடி கிடைத்த பின்புதான் விட்டார்.

உங்கள் வீட்டிலும் பட்டறைக்குப் போகும் ஒருவர் இருந்தால், இன்றிரவு சோறு போடும்போது கேளுங்கள்: “நாளைக்கு உனக்கு முகமூடி இருக்கா, மகன்?”