கறுப்பு டவுசர் தலைவர்



சிரிப்புக் கதை என்றாலே நம்மில் பலருக்கு இளக்காரம். அதுவும் இங்கிலீஷ் சிரிப்புக் கதை என்றால் கேட்கவே வேண்டாம். "துரைமார் வீட்டுக் கூத்துப்பா அது, நமக்கெதுக்கு? அரியரை முடிக்கிற வழியைப் பாரு!" என்று வாயை அடைத்துவிடுவார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கட்சிக்குச் சாட்சியாக ஒரே ஒரு நாவலைக் கூப்பிடுகிறேன்: பி.ஜி. வுட்ஹவுஸ் 1938-ல் எழுதிய ‘தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்’.

முதலில் ஒரு விஷயம். இவ்வளவு அழகாக இங்கிலீஷ் எழுதிய இந்த மனிதர் காலேஜ் வாசலை மிதித்தவர் அல்ல. அப்பாவுக்கு ஹாங்காங்கில் அரசு வேலை. பென்ஷன் ரூபாயில் வந்தது. ரூபாயின் மதிப்பு ஏறி இறங்கியதில் குடும்பத்துக்குக் கையைக் கடித்தது. ஆக்ஸ்ஃபோர்டு கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 1900-ல் லண்டனில் ஒரு பேங்க்கில் கிளார்க் ஆனார். பகலில் லெட்ஜர், ராத்திரியில் எழுத்து. இரண்டே வருஷத்தில் பேங்க்குக்குக் கும்பிடு போட்டார். ‘டிகிரி இல்லையே’ என்று ஏங்குகிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இனி கதை. பெர்ட்டி வூஸ்டர் பணக்கார வீட்டுப் பிள்ளை. வேலையும் இல்லை, பெரிய மூளையும் இல்லை. அவனுடைய வேலைக்காரர் ஜீவ்ஸுக்கோ மூளைதான் எல்லாம். பசு உருவத்தில் செய்த ஒரு வெள்ளிப் பால் குவளை, வால்தான் கைப்பிடி. அதைத் திருடிக் கொண்டுவா என்று அத்தை பெர்ட்டியை ‘டாட்லி டவர்ஸ்’ என்ற கிராமத்து மாளிகைக்கு அனுப்புகிறாள். அங்கே போனால் தொலைந்துபோன ஒரு நோட்டுப் புத்தகம், திருட்டுப்போன ஒரு போலீஸ்காரர் தொப்பி என்று வம்பு மேல் வம்பு. ஒரு பல்சக்கரம் சுற்றினால் அடுத்தது தானாகச் சுற்றுகிற மாதிரி, ஒவ்வொரு பொருளும் ஒருத்தரை மாட்டிவிடுகிறது. எழுத உட்காருவதற்கு முன்னால் கதையின் முழுத் திட்டத்தையும் நீளமாக எழுதி வைத்துக்கொள்வது வுட்ஹவுஸின் வழக்கம். டிராயிங் போடாமல் லேத்தில் கை வைக்காத ஆள்!

அந்த மாளிகையில் ரோடரிக் ஸ்போடு என்று ஒருவன் தங்கியிருக்கிறான். மலை மாதிரி உடம்பு. நாட்டை ஆளப் பிறந்தவன் தான்தான் என்ற நினைப்பு. பின்னால் ஒரு கூட்டம், யூனிஃபார்ம் கறுப்பு அரை டவுசர். ஏன் டவுசர்? மற்ற தலைவர்கள் எல்லாக் கலர் சட்டையையும் முன்னாடியே எடுத்துக்கொண்டார்களாம், மிச்சம் இல்லையாம்!

இது வெறும் ஜோக் இல்லை, நண்பர்களே. 1932-ல் ஆஸ்வால்ட் மோஸ்லி பிரிட்டனில் பாசிஸ்ட் கட்சி தொடங்கி, ஆட்களுக்குக் கறுப்புச் சட்டை மாட்டிவிட்டார். அரசியல் யூனிஃபார்மே கூடாது என்று 1936-ல் சட்டம் போடுகிற அளவுக்கு விவகாரம் முற்றியது. நாவல் வந்த அதே 1938-ல்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். ஊரே நடுங்கிய நேரத்தில் இந்த மனுஷன் சர்வாதிகாரிக்கு அரை டவுசர் மாட்டி நிற்க வைத்தார்.

ஸ்போடை அடக்குவது யார்? ஜீவ்ஸ்தான். வேலைக்காரர்களுக்கென்று லண்டனில் ஒரு கிளப். எஜமானர்களைப் பற்றிய சேதி எல்லாம் அங்கே ஒரு புத்தகத்தில் ஏறுகிறது. அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை ஜீவ்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்: ‘யூலலி’. அந்தப் பேரைச் சொன்னால் ஸ்போடு பெட்டிப் பாம்பு. ஏனென்றால் அந்த வீராதி வீரன் ரகசியமாக நடத்துவது பெண்களின் உள்ளாடைக் கடை! ஆனால் அடி விழப்போகிற நேரத்தில் பெர்ட்டிக்கு அந்தப் பேர் மறந்துபோகிறது. படிக்கிற நமக்கு வயிறு வலிக்கிறது.

இனி என் மனசை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். 1940-ல் வுட்ஹவுஸ் பிரான்சில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். ஏறக்குறைய ஒரு வருஷம் முகாம் வாழ்க்கை. 1941-ல் விடுதலையானதும் பெர்லின் ரேடியோவில் அமெரிக்க நேயர்களுக்காக ஐந்து பேச்சு பேசினார். அரசியல் பேசவில்லை, முகாம் அனுபவத்தைத் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் மைக் யாருடைய மைக்? குண்டு விழுந்துகொண்டிருந்த பிரிட்டன் கொதித்துப்போனது. சில நூலகங்கள் அவர் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்தன. அவர் துரோகி இல்லை, அரசியல் தெரியாத அப்பாவி என்று ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல் கட்டுரை எழுதினார். நானும் துரோகி என்று சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் ஸ்போடை அடையாளம் காட்டியவர், நிஜ ஸ்போடுகள் மைக்கை நீட்டியபோது அடையாளம் காணவில்லை. பெர்ட்டிக்கு மறந்த மாதிரியே அவருக்கும் அந்தச் சொல் மறந்துபோயிற்று.

இன்னொன்று. வீட்டின் சாவி முழுக்க ஜீவ்ஸ் கையில். அவர் கேட்கும் கூலியோ, எஜமானோடு ஒரு உலகக் கப்பல் பயணம். அதிலும் போவது வேலைக்காரராகத்தான்! மாளிகை அப்படியே நிற்கிறது.

அப்படியானால் சிரிப்பு வீணா? இல்லவே இல்லை. ஒருத்தனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதிக்குச் சிரிப்பு மட்டும் போதாது. யார் எதிரே நிற்கிறார்கள் என்ற நினைப்பும் வேண்டும். எனக்கு இந்தப் புத்தகம் இரண்டையும் கற்றுக் கொடுத்தது. முதல் பாடம் கதையில் இருக்கிறது. இரண்டாவது, கதாசிரியர் வாழ்க்கையில்.

லைப்ரரியில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். முதல் இருபது பக்கம் இழுக்கும், டிக்ஷனரியைத் தூர வைத்துவிட்டுப் பொறுமையாகப் போங்கள். அப்புறம் அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். எந்தக் கலரில் எந்த டவுசர் வந்து மிரட்டினாலும், சிரிப்போம். ஆனால் அந்தச் சொல்லை மறக்காமல் சிரிப்போம்!