வழி இல்லையா? பழகிய வழி இல்லையா?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திலே நடந்தது இது. கலியாண வீடொன்றில் தாய்மாமன் ஒருவர் தம் மருமகன் நின்ற வாசலைக் கடந்து சென்றார். ஒரு சொல்லும் பேசவில்லை. காணி விஷயமாக இரு வீட்டாருக்கும் இடையே முன்னர் சிறிது மனத்தாங்கல் இருந்ததுண்டு. "அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்" என்று மருமகன் முடிவு கட்டினான். அன்று தொடங்கிய மௌனம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. மாமனுடைய இரு கண்களிலும் அந்நாளிலேயே புரை படர்ந்திருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. வெளிச்சத்தைப் பின்புறமாகக் கொண்டு வாசலில் நின்றவனின் முகம் அவருக்குப் புலப்படவேயில்லை. சத்திரசிகிச்சை செய்தார்கள், பார்வை திரும்பியது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளுள் நடந்து முடிந்த ஒரு சாமத்தியச் சடங்கையும், ஒரு மரணச் சடங்கையும் எவரால் திரும்ப நடத்த முடியும்?

இங்கே குற்றவாளி யார்? மாமன் அல்லர், மருமகனும் கெட்டவன் அல்லன். அவன் உள்ளத்தில் முதன்முதல் எழுந்த எண்ணமே குற்றவாளி. அது "இப்படியும் இருக்கலாம்" என்று வரவில்லை. "இப்படித்தான்" என்று வந்தது. சாட்சி சொல்ல வந்ததை நீதிபதியாகவே அமர்த்திவிட்டான் அவன்.

நாமெல்லோரும் நாள்தோறும் இதனையே செய்கிறோம். பழகிய தடத்திலேயே ஓடுவது மனத்தின் இயல்பு. ஏபிரகாம் லூச்சின்ஸ் என்னும் உளவியலறிஞர் 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. கடதாசியும் பென்சிலும் போதும். வாசகர்கள் இன்றே தம் பிள்ளைகளோடு இருந்து செய்து பார்க்கலாம்.

மூன்று பாத்திரங்கள் உள்ளன. முதலாவது 21 லீற்றர் கொள்ளும். இரண்டாவது 127 லீற்றர். மூன்றாவது 3 லீற்றர். சரியாக 100 லீற்றர் நீர் வேண்டும். இரண்டாவதை நிரப்பி, அதிலிருந்து முதலாவதால் ஒரு முறையும் மூன்றாவதால் இரு முறையும் எடுத்துவிட்டால் 100 எஞ்சும். அடுத்த கணக்கில் பாத்திரங்கள் 14, 163, 25, வேண்டியது 99. அதே வழியில் விடை வரும். இவ்வாறு ஐந்து கணக்குகள் ஒரே வழியிலே முடிகின்றன.

பின்னர் ஒரு கணக்கு: பாத்திரங்கள் 23, 49, 3, வேண்டியது 20. பழைய வழியிலும் விடை வரும். ஆனால் 23இலிருந்து 3ஐ எடுத்தாலே போதும் அல்லவா? முன்னைய ஐந்தையும் செய்து பழகியவர்களுட் பெரும்பாலோர் சுற்றுவழியிலேயே சென்றனர். பழகாமற் புதிதாக வந்தவர்களோ நேர்வழியை எளிதிற் கண்டனர்.

இவ்வளவோடு நின்றிருந்தால், சிறிது நேரம் வீண் என்று விட்டுவிடலாம். அடுத்த கணக்கைக் கேளுங்கள்: பாத்திரங்கள் 28, 76, 3, வேண்டியது 25. இங்கே பழைய வழி செல்லாது. 28இலிருந்து 3ஐ எடுத்தால் விடை வந்துவிடும். சிறு பிள்ளையும் சொல்லும். ஆயினும் பழகியவர்களுட் பலர் இதற்கு விடை காணாது விட்டனர்! விடை கண்முன்னே இருந்தது; பழக்கம் அதனை மறைத்துவிட்டது. "வழி இல்லை" என்று மனம் சொல்லும்போது, "எனக்குப் பழகிய வழி இல்லை" என்றே அது பெரும்பாலும் சொல்கிறது.

இதற்கு மாற்று உண்டா? அதே ஆராய்ச்சியில் ஒரு பகுதியினரிடம், "கண்மூடியிராதே" என்று தம் தாளில் எழுதிக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. அந்தச் சிறு எச்சரிக்கையாற் பலர் பழைய தடத்திலிருந்து விலகி நேர்வழியைக் கண்டனர். ஆகவே சிந்தனை நெகிழ்ச்சி என்பது பிறவியில் வாய்த்த வரம் மாத்திரம் அன்று. பயிற்சியால் வளர்வதும் ஆகும். அப்பயிற்சி இரு படிகளை உடையது.

முதற் படி, எண்ணத்தைக் கவனித்தல். ஜேர்மனியிற் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து பௌத்த துறவியாகி, நெடுங்காலம் கண்டிக் காட்டாச்சிரமத்தில் வாழ்ந்த ஞானபோனிக்க தேரர் இதனைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நிகழ்வதோடு நமது விருப்பு வெறுப்பையும் தீர்ப்பையும் சேர்க்காமல், நிகழ்வதை மாத்திரம் பார்ப்பதே அவர் விளக்கிய வெறும் கவனிப்பு. எச்சமயத்தவரும் இதனைப் பயிலலாம். காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனியுங்கள். எண்ணம் எழும், எழட்டும். அதனைத் துரத்தவும் வேண்டாம், அதன்பின்னே ஓடவும் வேண்டாம். "இதோ ஓர் எண்ணம்" என்று கண்டுகொண்டு மீண்டும் மூச்சுக்குத் திரும்புங்கள். நாளடைவில், "மாமா என்னை அவமதித்தார்" என்பது, "மாமா அவமதித்தார் என்று எனக்கு ஓர் எண்ணம் எழுகிறது" என மாறிவிடும். வேறுபாடு சிறு சொற்கள்தாம். ஆனால் கேள்வி கேட்பதற்கு அங்கே இடம் பிறக்கிறது.

இரண்டாம் படி, அந்தக் கேள்வி. 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்னும் மனநோய் மருத்துவர், மனச்சோர்வுற்றோரின் உள்ளத்தில் தம்மை இகழும் எண்ணங்கள் தாமாகவே எழுவதையும், அவர்கள் அவற்றை ஆராயாமலே நம்பிவிடுவதையும் கண்டார். அவ்வெண்ணங்களை உண்மையென்று கொள்ளாது, சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகங்களாகக் கொள்ளும்படி அவர்களைப் பழக்கினார். நம் வீட்டிற்கு மூன்று கேள்விகள் போதும். நான் கண்டது எது, ஊகித்தது எது? வேறு எவ்வாறு இருக்கலாம்? இதனை எப்படிச் சோதிக்கலாம்?

"எனக்குக் கணக்கு ஓடாது" என்று சொல்லும் மாணவனை எடுத்துக்கொள்வோம். அவன் கண்டது, சென்ற தவணையில் வாங்கிய 34 புள்ளி; மற்றது ஊகம். விடைத்தாளை விரித்துப் பார்த்தால், பின்னங்களும் சமன்பாடுகளும் சரியாகவே இருக்கின்றன. கேத்திரகணிதத்தில்தான் புள்ளிகள் போயின. நிறுவல்களை விளங்கிக்கொள்ளாமல் மனனஞ் செய்தது காரணமாக இருக்கலாம் அல்லவா? அப்படியாயின், இரு வாரத்திற்கு நாளொரு நிறுவலைத் தன் தங்கைக்கு வாய்விட்டு விளக்கிப் பார்க்கட்டும். "கணக்கு ஓடாது" என்பது ஒரு சுவர். "நிறுவல் இன்னும் விளங்கவில்லை" என்பது ஒரு படலை. படலையைத் திறக்கலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வீட்டுக்கு வந்த விருந்தினர் முன்னிலையில், "இவனுக்குக் கணக்கு ஓடாது" என்று நாம் சிரித்துக்கொண்டு சொல்வது, நாளைக்கு அவன் உள்ளத்தில் அவனுடைய சொந்த எண்ணமாகவே எழும். பிள்ளையின் எண்ணத்தைச் சோதிக்குமுன் நமது எண்ணத்தைச் சோதிப்பது முறை.

எதையும் நம்பாதே என்று நாம் சொல்லவில்லை. கொள்கையைக் காற்றில் விடச் சொல்லவுமில்லை. கேட்டுப் பார்த்தபின், முதலில் எழுந்த எண்ணமே சரியென்று தெரிவதும் உண்டு. மாமன் உண்மையாகவே கோபங்கொண்டிருக்கவும் கூடும். அப்பொழுதும் கேட்டறிந்தவனுக்குப் பேசித் தீர்க்க ஒரு வழி கிடைக்கும். கேளாதவனுக்கு மௌனம் ஒன்றே கிடைக்கும். ஆனால் இருண்ட எண்ணங்கள் வாரக்கணக்காக நீங்காது, ஊணையும் உறக்கத்தையும் கெடுக்குமாயின், தனியே போராடாது வைத்தியரை நாடுவதே அறிவுடைமை.

எந்தச் சொல்லை எவர் சொல்லக் கேட்டாலும், அதிலுள்ள மெய்யைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நமக்குக் கற்பித்த பாடம். பிறர் சொல்வதற்கு மாத்திரமே அது பொருந்தும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். நமக்கு நாமே ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் அது பொருந்தும். இன்று எவருடனாவது நீங்கள் பேசாதிருந்தால், அதற்குக் காரணமான எண்ணத்தை அழைத்து ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். வாசலில் நின்றவர் உங்களைக் கண்டாரா என்பதே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.