பங்குப் பிரிப்பு ஆவணத்தில் மகள் எங்கே?

பெற்றோர் உடைமையை மக்கள் பிரித்துக்கொள்ளும்போது எழுதும் 'பாகப்பிரிவினைப் பத்திரம்', பங்குப் பிரிப்பு ஆவணம் என வழங்கத் தக்கது. எழுத்தர் விரைந்து படிக்கிறார். உரிமையாளர் தலையசைத்துக் கையொப்பமிடுகின்றனர். பொருள் விளங்கிற்றா என்று கேட்பாரில்லை.

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்னும் தொடரைப் பாருங்கள். புத்திரன் மகன்; பௌத்திரன் மகனுக்கு மகன். மகள் எங்கே? இத்தொடரால் மட்டும் அவளுடைய சட்டவுரிமை அழிந்துவிடாது. ஆயினும், அவளை மறந்த உள்ளத்தை அது காட்டிக்கொடுக்கிறது. 'வழிவழியாக, முழு உரிமையுடன்' என்று தமிழில் எழுதுக. மகனும் மகளும் ஒருங்கே அடங்குவர்.

சட்டம் மகளை ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்து மரபுரிமைச் சட்டத்திற்குத் தமிழ்நாடு செய்த திருத்தம், 25.3.1989 முதல், அதற்குமுன் மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக்குடும்ப உடைமையில் பிறப்புரிமை தந்தது. நடுவணரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், மணமானவர், ஆகாதவர் என்னும் வேற்றுமையையும் நீக்கிற்று. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் இந்திய உச்ச முறைமன்றம் தெளிவாக்கிற்று. எனினும், 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பதிவான பிரிவினைகளை அத்திருத்தம் கலைக்காது.

இவ்வளவிருந்தும், நம் இல்லங்களில் நடப்பதென்ன? பதிவு நாளில் உடன்பிறந்தாளை அழைத்து, "சீர் செய்தோமே" என்று சொல்லி விடுதலை ஆவணத்தில் கையொப்பம் கேட்கின்றனர். சீர் அன்பின் அடையாளம், உரிமையின் விலையன்று. விட்டுக்கொடுப்பது அவள் விருப்பமாயின் கொடுக்கட்டும். எதனை விடுகிறாள் என்று அறிந்து கொடுக்கட்டும்.

ஆதலின், ஆவணம் வரையுமுன் உரிமையாளர் அனைவரையும் ஒருங்கிருத்துக. ஒவ்வொரு பங்கிற்கும் புல எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க. பொதுக் கிணற்றில் எவர்க்கு எந்நாள் நீர், வண்டிப் பாதை எவ்வழி, குடும்பக் கடனை அடைப்பவர் எவர், மூல ஆவணம் எவரிடம் என்பனவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். இவற்றை வாய்ச்சொல்லாய் விட்ட குடும்பங்களே பின்னர் வழக்குமன்றப் படியேறுகின்றன. கையொப்பமிட்ட நான்கு திங்களுக்குள் ஆவணத்தைப் பதிவிற்கு அளிக்க வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பதிவில்லாப் பிரிப்பு ஆவணம் பங்கிற்குச் சான்றாய் நில்லாது.

அன்பர்களே, உங்கள் வீட்டு ஆவணம் நல்ல தமிழில் அமைக. உடன்பிறந்தாளிடம் அதனை முன்னரே கொடுத்து, அவளே படித்து ஒப்பியபின் பதிவு செய்க. நிலம் பிரியலாம், உறவு பிரிதலாகாது.