முதுமைக்குக் கஞ்சி மட்டும் போதுமா?

வயோதிகர்களைப் பராமரிக்கும் செலவு யாரைச் சார்ந்தது என்னும் கேள்வி, பட்டணத்துப் பணக்காரர் வீட்டு விவகாரம் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். மாதந்தோறும் பெருந்தொகை வாங்கிக்கொண்டு உணவும் பணிவிடையும் அளிக்கும் விடுதிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெருகிவருவதே இதற்குக் காரணம். அக்கேள்வியின் முழுப் பாரத்தையும் உணர விரும்புவோர் நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலை ஏறிக் குண்டூர் நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

மரவள்ளியும் மிளகும் சாமையும் விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு உழைப்பே முதல். உடலில் வலுவுள்ளவரை கிழவரும் காட்டு வேலைக்குப் போகிறார். அவர் படுக்கையில் விழுந்துவிட்டால், தூக்கி உட்கார வைக்கவும் குளிப்பாட்டவும் ஊட்டவும் ஓர் ஆள் வேண்டும். மகன் பிழைப்பைத் தேடி மலையிறங்கிப் போயிருந்தால் பொறுப்பு மருமகள்மீது விழுகிறது. அவள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போகிறது. கூலிக்குப் போனால் கிழவர் நாதியற்றுக் கிடக்கிறார். பராமரிப்புச் செலவு என்பது அவ்வீட்டில் இதுதான். எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு இது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. காமராஜ் மந்திரி சபையின் காலத்தில், 1962-ம் வருஷத்தில், ஏழை முதியோருக்கு மாதாந்தர உதவிப் பணம் அளிக்கும் நற்பணி இந்த ராஜ்யத்தில் தொடங்கிற்று. 2023-ல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 ரூபாய் ஆகிறது. கஞ்சிக்கு அது உதவலாம். கஞ்சியை வாயில் ஊட்டுவதற்கு உதவாது. மத்திய சர்க்காரின் பங்கோ இன்னும் பரிதாபம். 2007-ல் 200 ரூபாயாக இருந்த தொகை, 80 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2025-லும் அதே 200 ரூபாய்தான். அரிசி விலை மட்டும் 2007-லேயே நின்றுவிட்டதா?

2021 முதல் வீடு தேடி மருந்து கொண்டுவரும் திட்டம் நடைபெறுகிறது. 2024-ல் 70 வயது கடந்தோர் அனைவருக்கும் மத்திய சர்க்காரின் ஆஸ்பத்திரிக் காப்பீடு விரிவாக்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் முதுமை ஒரு நோயன்று, ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து குணமாகித் திரும்புவதற்கு. அதற்கு வேண்டியது அன்றாடத் துணை.

சட்டம் என்ன சொல்லுகிறது? பெற்றோர், முதியோர் பராமரிப்பு நலச் சட்டம் 2007-ல் பிறந்தது. பெற்றோர் தம் மக்கள்மீது மனுக் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம் என்கிறது. மகனே தினக்கூலியாக இருக்கையில் அவன்மீது உத்தரவு வாங்கி என்ன பயன்? அச்சட்டத்தின் 19-வது பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்றேனும் 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை ராஜ்ய சர்க்கார் ‘அமைக்கலாம்’ என்கிறது. ‘அமைக்கலாம்’ என்பதற்கும் ‘அமைக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரத்தைச் சட்டம் பயின்றோர் அறிவார்கள். அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து முதுமையில் உதவி பெறும் உரிமையைக் கூறுகிறது; 37-வது ஷரத்தோ அதைக் கோர்ட்டில் கேட்க வழியில்லாமல் செய்கிறது. அப்படியே இல்லம் அமைந்தாலும், குண்டூர் நாட்டுக் கிழவியைக் காரவள்ளிச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே கொண்டுபோய், முகமறியாதார் நடுவில் விடுவது தர்மமாகுமா?

பெற்றோரைப் பேணுவது நம் பண்பாடு, அதற்குச் சர்க்கார் பணம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அன்புக்கு நாம் கூலி கேட்கவில்லை. அன்பு செலுத்துவதால் இழந்த கூலியைத்தான் கேட்கிறோம். 1995-ல் பராமரிப்புக் காப்பீட்டை ஏற்படுத்திய ஜெர்மனி, வீட்டிலேயே முதியோரைப் பேணும் குடும்பத்துக்கும் பணம் தருகிறது. ஜப்பானில் 2000 முதல் 40 வயது கடந்தோர் சந்தா செலுத்துகின்றனர். பாதிச் செலவை வரிப்பணம் ஏற்கிறது. அவை செல்வ நாடுகள் என்று தள்ளிவிடுவோர் அண்டையிலுள்ள கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே பஞ்சாயத்துகளே செலவை ஏற்று, படுத்த படுக்கையாய் இருப்போரின் வீடுகளுக்குத் தாதியரை அனுப்புகின்றன.

நாம் கோருவது மூன்று. படுக்கையில் கிடக்கும் முதியவர் உள்ள ஏழை வீட்டுக்கு, உதவிப் பணத்துக்கு மேல் பராமரிப்புப் படி வழங்க வேண்டும். அந்தந்த நாட்டுப் பெண்களையே பயிற்றி, பஞ்சாயத்தின் மூலம் சம்பளம் கொடுத்து, வீடுதோறும் பணிவிடைக்கு அனுப்ப வேண்டும். உற்றார் இல்லாதவர்களுக்கு மலையிலேயே, தம் மக்கள் நடுவிலேயே, சிறு இல்லம் அமைக்க வேண்டும். இவற்றின் செலவில் மத்திய சர்க்கார் தன் பங்கை மனமொப்பி ஏற்க வேண்டும்.

கொடைக்குப் பேர்போன வல்வில் ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடியில் அம்மலைமீது சர்க்கார் விழா எடுக்கிறது. விழா எடுப்பது நன்று. ஆனால் அதே மலையில் உழைத்துத் தேய்ந்த முதியோர் துணையின்றிக் கிடக்க, ஓரியின் சிலைக்கு மாலை சூட்டுவதால் மட்டும் அவன் புகழுக்கு நாம் வாரிசாகிவிட மாட்டோம். தேர்தல் காலத்தில் மலையேறும் எல்லாக் கட்சியாரிடமும் பொதுஜன ஊழியர்கள் இக்கேள்வியை முன்வைக்கட்டும்.