கயிறு காப்பாற்றாது

சென்ற ஆடி மாதம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் என்று அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி வாக்கில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனவன். வலது பாதத்தில் சுண்டுவிரலை ஒட்டி இரண்டு சின்னப் புள்ளிகள். ஆனால் யார் கண்ணும் அந்தப் புள்ளிகளுக்குப் போகவில்லை. கணுக்காலுக்கு மேலே சணல் கயிறு. முட்டிக்குக் கீழே முறுக்கிய துண்டு. தொடையில் சைக்கிள் டியூப். சணலுக்குக் கீழே இருந்த பாதம் நாவல்பழம் மாதிரி கறுத்து, விரல்கள் பருத்துப் போயிருந்தன.

“யாருங்க இப்படிக் கட்டுனது?” என்று கேட்டார் செவிலியர்.

“நான்தாங்க சிஸ்டர். பெரியப்பா. விஷம் ஏறிறக் கூடாதுன்னு மூணு எடத்துல கட்டியிருக்கேன்.”

“எத்தனை மணிக்குக் கடிச்சுது?”

“பதினோரு மணி இருக்கும்.”

ஊரிலிருந்து அந்த மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிட வழி. கட்டுப் போட்டாகிவிட்டதே என்ற தைரியத்தில் முதலில் விஷக்கடி வைத்தியர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் வெளியூர் போயிருந்தார். வந்துவிடுவார் என்று திண்ணையில் காத்திருக்கிறார்கள். நான்கு மணி நேரம் அப்படிப் போயிற்று.

அந்தப் பெரியப்பா மீது எனக்குக் கோபம் கிடையாது. பிள்ளை மீது உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கோபமெல்லாம் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த நம்பிக்கை மீதுதான். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, விஷம் ஏறாது என்கிற நம்பிக்கை. படித்தவர், படிக்காதவர், பட்டணம், பட்டிக்காடு என்ற வித்தியாசமே இதில் இல்லை. எத்தனை படங்களில் கதாநாயகன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கதாநாயகியின் காலில் கட்டி, விஷத்தை உறிஞ்சித் துப்பியிருக்கிறான்! நம் பேச்சிலேயே விஷம் ‘ஏறுகிறது’, வைத்தியர் அதை ‘இறக்குகிறார்’. கிணற்று மோட்டார் குழாயில் தண்ணீர் ஏறுவது போல, குழாயை மடக்கிப் பிடித்தால் நின்றுவிடும் என்று மனசுக்குள் ஒரு படம். அந்தப் படம் தப்பு.

பல் பதிந்த இடத்தில் விஷம் சதைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து நிணநீர் வழியாகவும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாகவும் பரவுகிறது. இதைக் கயிற்றால் முழுக்க நிறுத்த வேண்டுமானால் காலுக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கால் செத்துப்போகும். கொஞ்சம் தளர்த்திக் கட்டினாலோ, ஆழத்திலிருக்கும் தமனி ரத்தத்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலாக ஓடும் சிரைகள் அடைபட்டு ரத்தம் திரும்பி வர வழியிருக்காது. கால் வீங்கும், தோலுக்கடியில் ரத்தம் கசியும். விஷமோ தன் வழியில் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நம் வயல்வெளிகளில் அதிகம் மிதிபடுவது கண்ணாடி விரியன். அதன் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைத் தின்று தீர்க்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், கடித்த இடத்துச் சதையை அழுக வைக்கும். சதையைத் தின்னும் ஒன்றைக் காலுக்குள்ளேயே அடைத்து, அந்தக் காலுக்கு ரத்தமும் போகாமல் செய்தால் என்ன மிஞ்சும்? உயிர் தப்பியும் விரலை, பாதத்தை இழந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பாம்பு செய்த கேட்டோடு கயிறு செய்த கேடும் சேர்ந்திருக்கிறது. நல்ல பாம்பு கடித்த காலில் வேறொரு ஆபத்து. மணிக்கணக்கில் தேங்கி நின்ற விஷம் கட்டை அவிழ்த்ததும் மொத்தமாக உடம்புக்குள் பாயும், மூச்சு நின்றுபோகலாம். அதனால்தான் மருத்துவர்கள் மருந்தையும் செயற்கைச் சுவாசத்துக்கான கருவிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டை அவிழ்க்கிறார்கள். ஏற்கெனவே இறுகக் கட்டியாயிற்று என்றால் வழியில் அவிழ்க்க வேண்டாம். அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆஸ்திரேலியாவில் கட்டுகிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1970களின் கடைசியில் ஸ்ட்ரூவன் சதர்லண்ட் என்ற மருத்துவர் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். அது கயிறு அல்ல. அகலமான துணியை விரலிலிருந்து தொடைவரை கால் முழுக்கச் சீராகச் சுற்றி, சிம்பு வைத்து அசையாமல் செய்வது. அந்த நாட்டு விஷப்பாம்புகள் பெரும்பாலும் நல்ல பாம்பின் குடும்பம். விரியன் குடும்பம் அங்கே கிடையாது. அந்த முறையை இங்கே சணல் கயிற்றுக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

கயிறு காலுக்குச் செய்யும் கேட்டைவிட, மனசுக்குத் தரும் நிம்மதிதான் பெரிய கேடு. கட்டியாகிவிட்டது, இனி பயமில்லை என்று தோன்றிவிடுகிறது. வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்கிறார்கள். மிளகாயைக் கடிக்கச் சொல்லிக் காரம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். விஷக்கல் வைக்கிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். அதற்கு முந்தைய ஆய்வு ஒன்று 2001 முதல் 2003 வரையிலான இறப்புகளை எடுத்துப் பார்த்தபோது, நான்கில் மூன்று பேர் மருத்துவமனைக்கு வெளியேதான் இறந்திருந்தார்கள். வழியில், வீட்டில், வைத்தியர் வாசலில்.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? தேசிய சிகிச்சை வழிகாட்டி சொல்லும் கணக்கை வைத்துப் பார்த்தால் புரியும். பாம்புக்கடிகளில் சுமார் 70 சதவீதம் விஷமில்லாத பாம்புகளுடையவை. விஷப்பாம்பு கடித்தாலும் பாதி வேளை விஷம் உள்ளே இறங்குவதில்லை. அப்படியானால் கடிபட்ட நூறு பேரில் எண்பத்தைந்து பேர் எதைச் செய்தாலும், எதையுமே செய்யாவிட்டாலும் பிழைப்பார்கள். அந்த எண்பத்தைந்து பேரும் கயிற்றுக்குச் சாட்சி, கல்லுக்குச் சாட்சி, மந்திரத்துக்குச் சாட்சி. மீதிப் பதினைந்து பேரில் இறந்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

கயிற்றுக்கு வேலையே இல்லாத கடியும் ஒன்று உண்டு. கட்டுவிரியன் இரவில் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். அதன் பல் மிகச் சிறியது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடப் பல சமயம் தெரியாது. விடிகிற நேரத்தில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், வாந்தி எடுக்கும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுப்போம். பிறகு இமைகள் தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. தரையில் படுத்திருந்த பிள்ளைக்கு விடியலில் வயிற்றுவலியும் இமைத் தொய்வும் சேர்ந்து வந்தால் கடிவாயைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கட்டுவிரியன் கடித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கும் சில குறிப்புகள் என்னைத் தூங்கவிடவில்லை. கை கால் அசைவில்லை, மூச்சில்லை, வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. பார்த்தால் மூளைச்சாவு. ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நரம்பும் தசையும் சேரும் இடத்தை மட்டும் விஷம் பூட்டிவைத்திருக்கிறது. செயற்கைச் சுவாசத்தில் சில நாள் வைத்திருந்ததும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் கிடத்தி ஆள் போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டிய எத்தனை பேர் இப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இன்னொன்று, பாம்பை அடித்துக் கையோடு கொண்டுவருவது. எந்தப் பாம்பென்று தெரிந்தால்தான் மருந்து என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். பாம்பைத் தேடிப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவதுதான் மிச்சம். செத்த பாம்பும் கடிக்கும். அசாமிலிருந்து 2025இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை மூன்று பேரின் கதையைச் சொல்கிறது. ஒருவர் நாகத்தின் தலையைத் துண்டித்துவிட்டு உடலை அப்புறப்படுத்தும்போது, துண்டான தலை அவர் கட்டைவிரலைக் கவ்வியது. இன்னொருவரைக் கடித்தது டிராக்டர் ஏறி நசுங்கிய நாகம். மூன்றாமவர், கொன்று வெகுநேரமான கட்டுவிரியன் வகைப் பாம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர். மூவருக்கும் விஷம் ஏறியது. மூவரும் பிழைத்தது மருத்துவமனையில். பாம்பு தள்ளிக் கிடந்தால், தள்ளி நின்றபடியே செல்போனில் ஒரு படம் போதும். அதுவும் முடிந்தால் மட்டும்.

இரவில் பாம்பு என்று சொல்லக்கூடாதென்று ‘பூச்சி தொட்டிருச்சு’ என்போம். மருத்துவரிடமும் அதையே சொல்லாதீர்கள்.

மருத்துவத் துறையிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளில் மருந்து இருந்தும் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து அனுப்புவது இன்னும் நடக்கிறது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து, ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயம். பயம் பொய்யில்லை. ஆனால் இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, மருந்துக்கு முன்னால் சிறிதளவு அட்ரினலின் போட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைவதைக் காட்டியிருக்கிறது. விலை குறைந்த மருந்து, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டிய மருந்து. முதல் மருந்தைப் போடாமல் ஐம்பது கிலோமீட்டர் அனுப்பும் சீட்டும் இன்னொரு கயிறுதான். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியிலிருந்து போகிறது. அந்த விஷத்தை எடுத்துத் தரும் கைகள் உள்ள மாநிலத்தில் ஒரு பிள்ளை மருந்துக்கு நான்கு மணி நேரம் காத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேபாளத்தின் தமக் பகுதியில் ஒரு காரியம் செய்தார்கள். கடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நேராகச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோகத் தன்னார்வலர்களை ஊர் ஊராக ஏற்பாடு செய்தார்கள். மக்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். கடிபட்டவர்களில் இறப்பவர்கள் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. பைக் நம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்து லேசாகச் சுற்றி, நடக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். 108க்குக் கூப்பிடலாம், வர நேரமாகும் என்றால் பைக்.

அன்றைக்கு அந்தப் பையனின் ரத்தத்தை எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் தொடாமல் நிறுத்திவைத்தார்கள். பெரியப்பா அதன் முன்னாலேயே நின்றார். மருத்துவர் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக உறைந்து அப்படியே ஒட்டியிருந்தது. மறுபடி மறுபடி பார்த்தார்கள். விஷம் இறங்கிய அறிகுறி எதுவும் இல்லை. “பாத்தீங்களா, கட்டுப் போட்டதாலதான் புள்ள பொழச்சான்” என்றார் பெரியப்பா என்னிடம். நான் என்ன சொல்லியும் அவர் நம்பவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது வார்டில் அவனைப் பார்த்தேன். பாதம் இன்னும் மரத்துப்போயிருக்கிறது, விரலை அசைக்க வரவில்லை என்றான். பாம்பு கடித்த இடத்தைக் காட்டச் சொன்னேன். தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே சணல் கயிறு பதிந்த தடம் மட்டும் கறுத்து, ஒரு முறுக்கு விடாமல் அப்படியே இருந்தது.