இடிக்கிறது எக்ஸா, வகுத்தலா?

மருங்காபுரி பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிற உங்க தம்பி, 'எனக்குக் கணக்கே வராது'ன்னு புலம்புறானா? 936-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்க. அதில் திணறினால், '8எக்ஸ் = 936' என்ற சமன்பாட்டிலும் அங்கேதான் மாட்டுவான்.

அவன் மட்டுமில்லை. 2023 அசர் ஆய்வில், கிராமப்புற இந்தியாவின் 14-18 வயதினரில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43.3 சதவிகிதம்தான்.

தமிழக அரசு 2025-26-ல் 6 முதல் 9-ம் வகுப்பு வரை கொண்டுவந்த 'திறன்' திட்டம், இந்த அடிப்படையைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. நல்ல முயற்சி. ஆனா, 'சின்னப்பசங்க கணக்கு'ன்னு கூடப் படிக்கிறவங்க கிண்டலடிச்சா, பையன் சந்தேகமே கேட்க மாட்டான். பத்தாவது பொதுத்தேர்வு வரை மறைச்சே ஓட்டிடுவான்.

இன்னிக்கு ராத்திரி போனை ஓரமா வெச்சுட்டு, பத்து நிமிஷம் அவன் பக்கத்துல உட்காருங்க. வகுத்தல்ல இருந்தே ஆரம்பிங்க.